சாண் ஆழத்துச் செம்மண்

தை மாதக் கடைசியில் வசந்தகுமாரி தன் நிலத்தின் நடுவே குழி வெட்டத் தொடங்கியதற்கு ஒரே காரணம்தான் இருந்தது. ஷம்ஷாத் பொய் சொல்கிறாள் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். மண்ணை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக எடுத்து, தனித்தனிப் பைகளில் கட்டி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். மக்காத தென்னை நார்க்கழிவை மக்கிய உரம் என்று சொல்லி விற்றிருக்கிறாள் ஷம்ஷாத் என்பது அங்கே தெரிந்துவிடும். அதன்பின் அவளால் வாய் திறக்க முடியாது.

பாரிவாக்கத்தில் இருந்த அந்த ஒரு ஏக்கர் நிலம் வசந்தகுமாரிக்குத் தாய்வழியில் வந்தது. அவள் கணவர் தினகரன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். திருமணமான நாள்முதல் அவர்கள் வாழ்க்கை முழுவதும் தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே கழிந்தது. நிலத்தை ஒரு கட்டட ஒப்பந்ததாரர் வாடகைக்கு எடுத்து, பல ஆண்டுகள் ஜல்லி கொட்டவும் பொக்லைன் நிறுத்தவும் பயன்படுத்தினார். அவர் காலி செய்து கொடுத்தபோது அது நிலமாக இல்லை. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் கையில்தான் வலி ஏறியது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று பாசி பிடித்தது.

தினகரன் அடுத்த வைகாசியில் ஓய்வுபெற வேண்டும். குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். நிலத்தை விற்று மண்ணூர்பேட்டைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிவிடலாம் என்பது அவர் விருப்பம். வசந்தகுமாரி இணங்கவில்லை. மண்ணைச் சீராக்கி, குண்டுமல்லி வைத்து, நிலத்தின் ஓரத்திலேயே சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள அவள் விரும்பினாள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இருவரும் பேசிப் பேசி, மகன் விக்ரமையும் மகள் சுதாவையும் வைத்துக்கொண்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர் ஓய்வுபெறுவதற்குள் மல்லி வேர்பிடித்துப் பிழைத்துவிட்டால் பாரிவாக்கம், பிழைக்காவிட்டால் மண்ணூர்பேட்டை. தினகரன் முழுமனத்தோடு தலையாட்டினார். அது எப்படியும் பிழைக்காது என்று அவர் அப்போது நினைத்திருக்கலாம்.

அவள் வேலையை அடிமண்ணிலிருந்து தொடங்கினாள். முதல் கோடையில், நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த சமயத்தில், உளிக்கலப்பையை வரவழைத்து நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்குவாக்கில் ஒருமுறையும் ஓட்டவைத்தாள். அடிமண் உலர்ந்திருந்தால்தான் அந்தக் கலப்பையின் நீண்ட உளிகள் இறுகிய அடுக்கை நொறுக்கும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி வெண்ணெயில் போவதைப்போல் கீறிக்கொண்டு போகும், பயன் எதுவும் இராது. அதன் பிறகு ஜிப்சம் போட்டாள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருவாயில் மடக்கி உழுதாள். ஒவ்வோர் ஆண்டும் ஷம்ஷாத்திடமிருந்து நார்க்கழிவு உரம் வாங்கி இட்டாள். உரமும் ஜிப்சமும் மேல்மண்ணைத்தான் திருத்தும் என்பதும், கலப்பை திறந்துவிட்ட வழியில் வேர்கள் இறங்கினால்தான் அடிமண் மறுபடியும் மூடிக்கொள்ளாது என்பதும் அவளுக்குப் படித்தும் பட்டும் தெரிந்தவை.

அவள் விதித்த ஒரே கட்டுப்பாடு, ஈர மண்ணில் சக்கரம் ஏறக்கூடாது என்பதுதான். மிருதுவான மண்தான் பளு ஏறும்போது மற்ற மண்ணைவிட ஆழமாக நசுங்கும். இதை அவள் எல்லாரிடமும் சொன்னாள், அடிக்கடி சொன்னாள். தினகரன் அதை வைத்து அவளைக் கேலி செய்வதுண்டு. ஒருநாள் ஆவடி பஸ் நிலையத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, வந்துகொண்டிருந்த பஸ்ஸைக் காட்டி, “நிறுத்தச் சொல்லு வசந்தா, ரோடு நனைஞ்சிருக்கு, அதுக்கு வலிக்கப் போவுது” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கடப்பாரை தன் எடையிலேயே முழங்கை ஆழம் இறங்கியது. அன்று மாலை ஒரு மண்கட்டியைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துவந்து, சாப்பாட்டு மேசைமீது வைத்து, இரண்டு விரலால் பிட்டுக் காட்டினாள். உள்ளே மண்புழு போன துளைகள் இருந்தன. தினகரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கேக்கு மாதிரி இருக்கே” என்றார்.

ஷம்ஷாத் பூந்தமல்லிக்காரி. அவள் குடும்பம் பல காலமாகக் கயிறும் மிதியடியும் விற்று வந்தது. நார் பிரித்தபின் மிஞ்சும் கழிவு அவர்கள் கொட்டகைக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்தது. அதைக் காளான் வித்திட்டு, தண்ணீர் தெளித்து, கிளறி மக்கவைத்து விற்கத் தொடங்கியவள் ஷம்ஷாத்தான். பச்சை நார்க்கழிவு மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு செடியைப் பட்டினி போட்டுவிடும். அதனால் கருத்து, மண்வாசனை வரும்வரை ஒரு கூடைகூட அவள் வெளியே விடமாட்டாள். பாரிவாக்கத்துப் பூ விவசாயப் பெண்கள் குழுவில் எல்லாரும் அவளிடம்தான் வாங்கினார்கள். வசந்தகுமாரி அவளை அக்கா என்று அழைப்பாள். ஷம்ஷாத் அவளைப் பெயர் சொல்லி அழைப்பாள். உரம் இறக்க வரும் நாள்களில் இருவரும் வரப்பில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

போன ஆனியில் சுதாவின் பிரசவத்துக்காக வசந்தகுமாரி ஓசூருக்குப் போனாள். குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் ஆவணிவரை அங்கேயே இருக்க நேர்ந்தது. அந்த ஆடியில் சென்னையின் மேற்கில் மாலைதோறும் மழை பெய்தது என்று தொலைபேசியில் தினகரன் சொன்னார். நிலத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரும்படி அவள் கேட்டுக்கொண்டாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார்.

திரும்பி வந்து நிலத்தில் காலை வைத்தபோது அவள் அசந்து நின்றுவிட்டாள். மேல்மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை ஓட்டியிருந்ததால், மண் சலித்த மாவுபோல் பொலபொலவென்று கிடந்தது. நடுவில், வாசல் கம்பிக்கதவிலிருந்து பின்பக்கத்து மதில்வரை, கருகருவென்று உரம் பரப்பியிருந்தது. நடவுக்குத் தயார் செய்து வைத்ததாகத் தினகரன் சொன்னார். ஷம்ஷாத்தின் கொட்டகைக்குத் தாமே போய் ஒரு லோடு கேட்டு வாங்கியதாகவும் சொன்னார். மூன்று ஆண்டுகளில் அவர் அந்த நிலத்துக்காக ஒரு துரும்பை எடுத்துப்போட்டதில்லை. வசந்தகுமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. குழுத் தலைவி யுவராணியிடம் சொன்னாள், ஷம்ஷாத்திடமும் சொன்னாள். அவர் மனம் மாறிவிட்டது என்று ஓசூருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சுதாவிடமும் சொன்னாள்.

புரட்டாசியில் மேல்மண்ணில் கையளவுக் குழி எடுத்து, வேர்விட்ட மல்லிக் குச்சிகளை நட்டாள். ஐப்பசி மழையில் ஓரத்துச் செடிகள் தளிர்த்தன. நடுப்பகுதியில் தண்ணீர் வடியாமல் நின்றது. கார்த்திகையில் அந்தச் செடிகளின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றபடி வெளிறின. மார்கழியில் உதிர்ந்தன. பட்டுப்போன செடிகள் கதவிலிருந்து மதில்வரை ஒரு பட்டைபோல் நீண்டிருந்தன. ஆடியில் வந்த உரம் விழுந்த இடமும் அதுவேதான். வசந்தகுமாரி பட்டையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தாள். செடி பட்டுப்போன இடத்தையும் உரம் விழுந்த இடத்தையும் அடி தவறாமல் ஒப்பிட்டாள். அவளுக்கு ஐயம் எதுவும் எஞ்சவில்லை.

யுவராணி வீட்டு முன்கூடத்தில் குழு கூடியபோது அவள் எழுந்து நின்று அதைச் சொன்னாள். தினகரனும் அன்று உடன் வந்திருந்தார். ஷம்ஷாத் முதலில் சிரித்தாள், தன்னை விளையாட்டுக்கு வம்பிழுக்கிறாள் என்று எண்ணியவளைப்போல. பிறகு, அதே குவியலிலிருந்துதான் யுவராணிக்கும் உரம் போனது, அவள் செடிகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்டாள். குவியலின் மேல்பகுதி மக்கியிருக்கும், அடிப்பகுதி பச்சையாக இருக்கும், விவரம் தெரியாத ஆண்பிள்ளை வந்து கேட்டதும் அடியில் இருந்ததை வாரி ஏற்றிவிட்டாய் என்றாள் வசந்தகுமாரி.

ஷம்ஷாத் தினகரன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்கதான வந்து நின்னு ஏத்திக்கினு போனீங்க? பச்சையாவா இருந்துச்சு? நீங்களே சொல்லுங்க.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். தினகரன் கையில் இருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“வியாபாரின்னா அப்படித்தாம்மா. நாமதான் பாத்து வாங்கணும்” என்றார்.

அத்தோடு முடிந்துவிட்டது. ஷம்ஷாத் எழுந்து போனாள். பொங்கலுக்குப் பிறகு குழுவில் ஒருத்திகூட அவளிடம் உரம் வாங்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மக்கிய உரம் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டபோது, வசந்தகுமாரி அதைத் தகுந்த தண்டனை என்றே கொண்டாள். ஆனாலும் சொல் மட்டும் போதாது, சான்றும் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அதற்காகத்தான் குழி.

மேல்மண் எளிதாக வந்தது. அதில் கருப்பு உரம் நன்றாகக் கலந்து, மோந்து பார்த்தால் மழைக்குப் பிந்திய மண்ணின் மணமாக இருந்தது. அது அவளுக்கு எரிச்சலை உண்டாக்கியது. இன்னும் கீழே போனால் பச்சைக் கழிவு அகப்படும் என்று மண்வெட்டியை அழுத்தினாள். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி வழுக்கியது. கடப்பாரையை எடுத்துப் போட்டாள், கணீரென்று திரும்பியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே ஒலி.

அவள் மண்டியிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினாள். அந்த நிலத்து மண் சாம்பல் கலந்த கருநிறக் களி. இங்கே, களிக்குள் பதிந்து, செங்கல்நிறத்தில் சரளை கலந்த மண் கிடந்தது. பாரிவாக்கத்தில் எங்கே தோண்டினாலும் வராத மண் அது. மனை போடுகிறவர்கள் பள்ளத்தை மேடாக்கத் தொலைவிலிருந்து டிப்பர் லாரியில் கொண்டுவந்து கொட்டும் கிராவல். அது சிதறலாகவும் இல்லை. பட்டை பட்டையாக, ஒன்றுக்கொன்று சாய்வாக, அம்பு முனைபோல் வரிசையாகக் களியில் அச்சாகியிருந்தது. லாரிச் சக்கரத்தின் பள்ளங்கள் அப்படியே இருந்தன. நனைந்த மிருதுவான களியில் சக்கரம் அமிழ்ந்திருக்கிறது. மேலிருந்து சிந்திய செம்மண் அந்தப் பள்ளத்தில் விழ, அடுத்த சக்கரம் அதை அடித்து இறுக்கியிருக்கிறது. ரோட்டவேட்டரின் கத்திகள் எட்டாத ஆழத்தில் அது பத்திரமாக இருந்தது.

மல்லிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் அந்த அடுக்கைத் தொட்ட இடத்தில் மடங்கி, படுக்கைவாட்டில் ஓடி, தண்ணீரில் அழுகியிருந்தது.

பட்டையின் போக்கில் மேலும் சில இடங்களில் தோண்டினாள். எங்கும் செம்மண். மதில் வந்தது. மதிலுக்கு அப்பால் சண்முகசுந்தரத்தின் மனைப்பிரிவு. சண்முகசுந்தரம் தினகரனோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு பெற்று, மனை வியாபாரத்தில் இறங்கியவர். அந்த மதிலில் ஒரு லாரி நுழையும் அகலத்துக்குக் கற்கள் புதியனவாக இருந்தன, பூச்சும் இல்லை. பல மாதங்களாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலை அவர்கள் பழுது பார்த்திருப்பார்கள் என்பதற்குமேல் நினைத்ததில்லை.

வாசல் கதவின் பூட்டுக்குச் சாவி அவளிடமும் தினகரனிடமும் மட்டுமே இருந்தது.

சான்றுக்காகக் கொண்டுவந்திருந்த பையில் அச்சு விழுந்த ஒரு பாளத்தை உடையாமல் எடுத்து வைத்துக்கொண்டு அவள் ஆவடிக்குப் பஸ் ஏறினாள்.

தினகரன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தகுமாரி மேசைமீது செய்தித்தாளை விரித்து, பாளத்தை எடுத்து வைத்தாள். அவர் முதலில் அதையும், பிறகு அவளையும் பார்த்தார், தொலைக்காட்சியை அணைத்தார். அவள் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அவராகவே சொல்லத் தொடங்கினார். மனைப்பிரிவுக்குப் போகும் வழியில் சிறுபாலம் உடைந்துவிட்டதாம். சண்முகசுந்தரம் ஒரு வாரம் மட்டும் வழி கேட்டாராம். அம்பத்தூரில் விக்ரமுக்கு வேலை அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் கிடைத்தது. அப்படிப்பட்டவரிடம் எப்படி முடியாது என்பது? மழை பெய்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் லாரி மேலாகத்தானே போகிறது, மேலே உழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். ரோட்டவேட்டர் ஓட்டியபின்னும் செம்மண் நிறம் அங்கங்கே தெரிந்தது. அதை மறைக்கத்தான் உரம்.

“எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“என்னது?”

“சரியாவலைன்னு.”

“ஐப்பசியில. தண்ணி நின்னப்போ.”

“யுவராணி ஊட்ல கூடினது மார்கழியில.”

தினகரன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பக்கத்துக் குடியிருப்பில் எல்லாரும் தெரிந்தவர்கள்.

“அங்க வெச்சு நான் என்னத்தச் சொல்றது வசந்தா? சொன்னா நம்ம மானம்தானே போவும்? அந்தம்மா இந்த ஊர் இல்லைன்னா இன்னொரு ஊர்ல வித்துக்கும். நாம அப்படியா? ஒரே வீட்ல இருக்கணும்.”

வசந்தகுமாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழிவிட்டதைக்கூட அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அறியாமை என்று ஒதுக்கிவைக்கலாம். நட்புக்குக் கட்டுப்பட்டார் என்றும் கொள்ளலாம். உரத்தைப் பரப்பியபோது அது அவளுக்காக என்று சொல்லி அவளை நெகிழவைத்தாரே, அதற்கு ஒரு பெயரும் அகப்படவில்லை. அந்த நெகிழ்ச்சியை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்தான். பிறகு அதே உரத்தைக் காட்டி ஷம்ஷாத்தைச் சாடியபோது, பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்தே, ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவள் பேசாமலிருந்ததைத் தினகரன் தணிவு என்று கொண்டுவிட்டார். குரலை இறக்கி, நடந்தது நடந்துவிட்டது, செடியும் பிழைக்கவில்லை, உடன்பாட்டின்படி மண்ணூர்பேட்டையைப் பார்க்கலாம், சண்முகசுந்தரமே நிலத்தை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்றார்.

“எப்போ சொன்னார் அவரு?”

“அதை விடு.”

“ஆடிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

தினகரன் தொலைக்காட்சியை மறுபடியும் போட்டார். அவள் பாளத்தை மறுபடியும் செய்தித்தாளில் பொதிந்து பையில் வைத்தாள்.

குழுவைக் கூட்டும்படி மறுநாளே யுவராணியிடம் கேட்டுக்கொண்டாள். தினகரன் அவளைத் தடுக்க எவ்வளவோ முயன்றார். மழையால் கெட்டது என்று சொல்லலாம், மண்ணில் ஏதோ நோய் என்று சொல்லலாம், ஷம்ஷாத்மேல் தவறில்லை என்பதை மட்டும் சொல்லித் தம் பெயரை விட்டுவிடலாம் என்று கெஞ்சினார். ஓய்வுபெறும் நேரத்தில் தலைகுனிவு வேண்டாம் என்றார். விக்ரமைத் தொலைபேசியில் பேசவைத்தார். அவனும், அப்பாவை ஊர் நடுவில் நிறுத்தவேண்டுமா என்று கேட்டான். பழி சொன்னது ஊர் நடுவில் என்றால் திரும்பப் பெறுவதும் அங்கேதான் என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.

குழு கூடிய அன்று தினகரன் வரவில்லை. ஷம்ஷாத் கடைசியாக வந்து, உட்காராமல் கதவோரம் நின்றாள். வசந்தகுமாரி பாளத்தை நடுவில் வைத்து, தோண்டியதையும் கண்டதையும் கணவர் ஒப்புக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எதையும் மெழுகவில்லை, எதற்கும் காரணம் தேடவில்லை. உரம் நல்ல உரம், தான் சொன்னது பொய் என்று சொல்லி முடித்தாள். பெண்கள் பாளத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி, டயரு புதுசுபோலிருக்கே, அச்சு அழகா விழுந்திருக்கு என்றாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். யுவராணி மட்டும், “என் வீட்டுக்காரரும் நிலத்துக்குன்னு ஒண்ணும் செய்யமாட்டாரு. நல்லவேளை, அத்தோட நின்னாரு” என்றாள்.

ஷம்ஷாத் பாளத்தைத் தொடவில்லை.

“உன் ஊட்டுக்காரர் செஞ்சத அவர் பாத்துக்குவாரு. என்னிய கள்ளின்னு சொன்னது அவர் இல்ல, வசந்தா. நீ. இத்தினி வருசம் என் கையால உரம் வாங்கினவ, தோண்டிப் பாத்துட்டுப் பேசியிருக்கலாம் இல்ல?”

“பாத்திருக்கணும்க்கா.”

“நெலத்தைத் தயார் பண்ணது மூணாவது மனுசனா இருந்தா தோண்டியிருப்ப.”

தன் வீட்டு ஆளின் ஒரு சொல்லை நம்பியதுபோல் வசந்தகுமாரி ஷம்ஷாத்தின் பல ஆண்டு உரத்தை நம்பவில்லை என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. உரம் வேண்டுமென்றால் கொட்டகைக்கு ஆள் அனுப்பும்படி ஷம்ஷாத் பொதுவாகச் சொன்னாள். எல்லாருக்கும் கொடுப்பேன், அது தொழில் என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட அவள் இனி வரமாட்டாள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மாசியும் பங்குனியும் மண் காய்வதற்காகக் காத்திருப்பதில் போயின. வீட்டில் பேச்சு, சோறு ஆகிவிட்டது, பால் வந்துவிட்டது என்ற அளவில் நின்றது. சண்முகசுந்தரம் ஒருமுறை தொலைபேசியில் அவளிடமே பேச முயன்றார். நிலம் தன் பெயரில் இருக்கிறது, விற்பதாக இல்லை என்று அவள் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். உடன்பாடு என்னவாயிற்று என்று தினகரன் கேட்டபோது, உடன்பாடு இரண்டு பேர் செய்துகொள்வது என்றாள். வைகாசியில் தான் பாரிவாக்கத்துக்குப் போவதாகவும், வீடு எழும்வரை யுவராணியின் மாடி அறையில் இருக்கப்போவதாகவும் தெரிவித்தாள். அவர் எங்கே இருப்பார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சித்திரையில் நடுப்பகுதிச் செடிகளை எல்லாம் வேரோடு எடுத்தாயிற்று. பட்டுப்போனவற்றோடு, பிழைத்துவிடலாம் என்ற நிலையில் இருந்த சிலவற்றையும் எடுக்கவேண்டியிருந்தது. உளிக்கலப்பை செடியைச் சுற்றிக்கொண்டு போகாது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சிவராமன் டிராக்டரைக் கொண்டுவந்தார். கலப்பையைப் பூட்டிவிட்டு நிலத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இன்னாக்கா, லாரி நேராவா போச்சு? இல்ல, எங்கனா வளைச்சுத் திருப்பினானுங்களா? திருப்பின எடத்துலதான் ஜாஸ்தி இறுகிக் கீது. தெரிஞ்சா அங்க கொஞ்சம் ஆழமா வுடலாம்.”

வசந்தகுமாரிக்குத் தெரியாது. செடி பட்டுப்போன பட்டையை மட்டும்தான் அவளால் காட்ட முடிந்தது. லாரிகள் எங்கே ஒதுங்கி நின்றன, எங்கே ஒன்றுக்கொன்று வழிவிட்டன, எங்கே அமிழ்ந்து மாட்டிக்கொண்டு உறுமின என்பதெல்லாம் அந்த வாரம் கதவைத் திறந்துவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒருவருக்குத்தான் தெரியும். அதனால்தான் காலையில் அவள் தினகரனிடம், வாங்க, என்று ஒரு சொல் சொல்லி அழைத்து வந்திருந்தாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. மன்னிப்பின் தொடக்கம் என்று எண்ணியிருப்பார் போலும்; சலவைச் சட்டை போட்டிருந்தார்.

“அவருக்குத் தெரியும்” என்றாள் சிவராமனிடம். “முன்னால நடந்து காட்டுவாரு.”

தினகரன் அவளைப் பார்த்தார். பிறகு வரப்பைப் பார்த்தார். யுவராணியும் இன்னும் சில பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள். மதிலுக்கு அப்பால், மனைப்பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷம்ஷாத்தின் வண்டி உரத்தோடு வந்து சாலையோரம் நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் மட்டும் இருந்தார், அவள் இல்லை.

தினகரன் கதவருகே போய் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பின்னாலேயே டிராக்டர் வந்தது. உளிகள் அடிமண்ணில் இறங்கியபோது நிலம் நொறுங்கும் சத்தம் எந்திர ஓசையையும் மீறிக் கேட்டது. பாளங்கள் புரண்டு எழுந்தன. சாம்பல் கருமைக்கு இடையே செம்மண் துண்டு துண்டாக மேலே வந்தது. ஓரிடத்தில் அவர் நின்று, இடப்பக்கம் கையைக் காட்டினார். கொஞ்சம் நடந்து வலப்பக்கம் காட்டினார். அவள் நினைத்திருந்ததைவிட அகலமாக இருந்தது அந்த இடம்.

“அண்ணாத்தே, சாமி ஊர்வலம் கணக்கா போறியே, கொஞ்சம் எட்டி நட” என்று சிவராமன் மேலேயிருந்து குரல் கொடுத்தார். வரப்பில் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

மதிலைத் தொட்டதும் தினகரன் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கால் சுட்டிருக்கவேண்டும், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். வசந்தகுமாரி கலப்பைக்குப் பின்னால் குனிந்து, உளி போன தடத்தில் கடப்பாரையை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“போதுமா வசந்தா?” என்றார்.

அவள் கடப்பாரையை உருவி, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். நிமிர்ந்து சிவராமனைப் பார்த்தாள்.

“குறுக்கேயும் ஓட்டணும்” என்றாள்.

சிவராமன் டிராக்டரைத் திருப்பினார். தினகரன் செருப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முன்னால் நடந்தார்.